அரோவை முதலில் ஓட்டிய அகதி

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 20 நெருங்க, எங்கட வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வெள்ளை விமானத்தின் படம் சுற்றத் தொடங்கிவிடும். முக்கோண இறக்கை, ஊசி மூக்கு. கீழே ஒரு குறிப்பு: உலகத்திலேயே வேகமான விமானத்தைக் கனடா செய்தது, பிறகு அரசாங்கமே அதை உடைத்துப் போட்டது, ஒன்றை மட்டும் யாரோ எங்கேயோ ஒளித்து வைத்திருக்கினம். இந்த வருடம் எனக்கு வந்த குறிப்பில் அதன் வேகம் ஒலியைப் போல இரண்டரை மடங்கு என்று இருந்தது. போன வருடம் வந்ததில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். உடைத்துப் போட்ட விமானம் வருடா வருடம் வேகமெடுக்கிறது.

அந்தக் குறிப்புகள் ஒன்றிலும், அதை முதன்முதலில் மேலே கொண்டுபோன மனிதரின் பெயரைக் காணவில்லை. யானுஷ் ஜுராகோவ்ஸ்கி என்பது அவர் பெயர். இங்குள்ளவர்களின் வாயில் அது நுழையாததால் ஜூரா என்று சுருக்கிவிட்டார்கள், எங்கட சிவசுப்பிரமணியங்கள் எல்லாம் இங்கே வந்து சிவா ஆனது போல. நாடு இழந்து வந்தவர். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகிற எங்கட ஆக்கள் கடந்து போகும் மோல்டனில்தான் அவர் வேலை செய்தார். அவருடைய தொழில் என்னவென்று விளங்கினால், அந்த இரண்டரை மடங்குக் கதை அவருக்கு மரியாதையா, அவமரியாதையா என்று நீங்களே சொல்லுவீர்கள்.

1914 செப்டெம்பரில் பிறந்தவர். பிறந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது, இப்போது உக்ரேனில் இருக்கிறது. பெற்றோர் போலந்துக்காரர். 1921இல் எல்லைகள் மாறியபோது குடும்பம் போலந்துக்குள் வந்து சேர்ந்தது. ஏழு வயதுக்குள் முதல் இடப்பெயர்வு. அண்ணன் புரோனிஸ்வாவுக்கும் இவருக்கும் சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். அண்ணன் பிற்காலத்தில் போலந்தின் முதல் ஹெலிகொப்டரை வடிவமைத்தார். தம்பி 1934இல் போலந்து விமானப்படையில் சேர்ந்து, டெம்ப்ளின் என்ற ஊரிலிருந்த அதிகாரிகள் பள்ளியில் பயின்று, போர்விமானி ஆனார்.

1939 செப்டெம்பர் முதலாம் திகதி ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. மறுநாள் ஜூரா டெம்ப்ளினில் பயிற்சி ஆசிரியராக இருந்தார். கையில் கிடைத்தது பி.7 என்ற பழைய விமானம். அது அதிகபட்சம் மணிக்கு 320 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். எதிரே வந்த ஜேர்மன் டோர்னியர் குண்டுவீச்சு விமானங்கள் 400ஐத் தாண்டிப் பறக்கக்கூடியவை. குண்டு சுமந்து வந்தவன், துரத்த வேண்டியவனை விட வேகமானவன். அப்படியும் ஏறிப் போய் ஒன்றைச் சேதப்படுத்தினார். ஒரு விமானம் எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு விரைவாக ஏறும் என்ற இலக்கங்கள் கடதாசியில் இருக்கும் வரைக்கும் வெறும் இலக்கங்கள்தான். அன்றைக்கு அவை ஒரு நாட்டின் தலைவிதியாக இருந்தன.

சில வாரங்களில் போலந்து இல்லாமல் போனது. ருமேனியா வழியாகத் தப்பி, கடைசியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். 1940 கோடையில் பிரித்தானிய வான்போரில் ஸ்பிட்பயர் ஓட்டினார். ஓகஸ்ட் 24ஆம் திகதி வைட் தீவின் மேல் சுட்டு விழுத்தப்பட்டு, பராசூட்டில் இறங்கி, திரும்பவும் பறந்தார். பிறகு 316ஆவது போலந்து அணிக்குத் தலைமை தாங்கினார். போலந்தின் உயர்ந்த வீர விருதான விர்துத்தி மிலித்தாரி கிடைத்தது. இந்தப் பகுதியை நான் சுருக்கமாகவே கடக்கிறேன். போர் வீரத்தைப் பற்றி எழுத ஆக்கள் நிறைய இருக்கினம். எனக்கு முக்கியமானது 1944இல் தொடங்குகிறது.

அந்த வருடம் அவரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பொஸ்கம் டவுன் என்ற இடத்தில் 1943இல் தொடங்கிய சோதனை விமானிகள் பள்ளி அது. ஜூரா இரண்டாவது வகுப்பில் படித்தார். சோதனை விமானி என்றவுடன் எங்களுக்கு மனதில் வருவது தோல் சட்டை போட்ட சினிமாக் கதாநாயகன். உண்மையில் அந்தப் பள்ளி சொல்லிக் கொடுத்தது கணக்காளனின் பொறுமையை.

ஒரு ஜெட் விமானத்தின் செயல்திறனைச் சோதிப்பது என்றால் என்ன? எவ்வளவு தூரம் ஓடி மேலெழும், ஒரு நிமிடத்தில் எத்தனை அடி ஏறும், எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு எரிபொருள் குடிக்கும், எந்த வேகத்தில் இறக்கை காற்றைக் கைவிடும், எவ்வளவு தூரத்தில் நிற்கும். கேட்கச் சுலபம். ஆனால் ஜெட் எஞ்சின் குளிர் காற்றில் கூடுதலாகத் தள்ளும், வெயில் நாளில் சோர்ந்துபோகும். அதே விமானம் ஜனவரியில் ஒரு கதை சொல்லும், ஜூலையில் வேறு கதை சொல்லும். அதனால் கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பம், 1013 மில்லிபார் அழுத்தம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு கற்பனை நாள் இருக்கிறது. எந்த நாளில் பறந்தாலும், அளந்த இலக்கத்தைத் திருத்தி அந்தக் கற்பனை நாளுக்குக் கொண்டுவர வேண்டும். பறக்கப் பறக்க எரிபொருள் எரிந்து பாரமும் குறைந்துகொண்டே போகும். பத்து மணிக்கு எடுத்த அளவும் பத்தரைக்கு எடுத்த அளவும் ஒரே விமானத்தினுடையவை அல்ல. ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அந்த நிமிடத்தில் மிச்சமிருந்த எரிபொருளையும் குறிக்க வேண்டும்.

அது போதாதென்று, வேகமானி பொய் சொல்லும். அது காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகத்தைக் காட்டுகிறது. விமானத்தின் உடம்பே தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் குழப்பிவிடுவதால், அது காட்டும் இலக்கத்தில் எப்போதும் ஒரு பிழை இருக்கும். அந்தப் பிழையைப் பிடிப்பதற்கென்றே தனிப் பறப்புகள் உண்டு. உயரம் தெரிந்த ஒரு கோபுரத்தைக் கடந்து, வெவ்வேறு வேகங்களில் திரும்பத் திரும்பப் பறந்து, கருவி சொன்னதையும் நிலத்திலிருந்து அளந்ததையும் ஒப்பிட வேண்டும். ஏறும் வீதத்தை அளப்பதென்றால், ஒரே உயரப் பட்டைக்குள் ஒரு வேகத்தில் ஏறி, இறங்கி, இன்னொரு வேகத்தில் ஏறி, திரும்ப இறங்கி, நாள் முழுக்க இதே வேலை. உயரப் பதிவைக் கடதாசியில் கீறினால் வாள்பல்லு மாதிரி இருக்கும். விமானி முழங்காலில் கட்டிய அட்டையில் பென்சிலால் எழுதுவார். அவர் எழுதத் தவறுவதைப் பிடிக்க, ஒரு பெட்டிக்குள் இன்னொரு தொகுதிக் கருவிகளை வைத்து, கமெரா ஒன்று அவற்றைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சட்டம்தான் எல்லாவற்றுக்கும் மேலே: பறக்காததை எழுதக்கூடாது. ஒலியின் வேகத்தில் 0.80 வரை போனால் 0.80. அடுத்த நாள் 0.82. அன்று சுக்கான் நடுங்கினால் இறங்கிவந்து பொறியியலாளரோடு இருந்து காரணம் தேட வேண்டும். நேற்று நல்லாய்ப் போனது, நாளைக்கும் போகும் என்று நினைத்தவர்கள் பலர் இல்லாமல் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். கனடா வந்த ஆரம்ப வருடங்களில் விமான உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். பாகங்களை அளந்து தாளில் குறிப்பது என் வேலை. ஒருநாள் விடியப்புறம், ஏற்றி அனுப்ப அவசரம், ஒரு பெட்டியில் கடைசிச் சில பாகங்களை அளக்காமலே முந்தியதைப் பார்த்து இலக்கத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். இரண்டு இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் நான் பொய் எழுதியதற்கு ஏசியதைவிட, பெட்டியைத் திருப்பி எடுக்க வேண்டி வந்ததற்குத்தான் கூடுதலாக ஏசினார். அளந்து பார்த்தால் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தன. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நான் எழுதியது சரியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஜூராவைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், எனக்கு ஏன் நித்திரை வரவில்லை என்று விளங்கியது.

போர் முடிந்தது. ஆனால் போலந்துக்காரருக்கு அது முடிந்த மாதிரி முடியவில்லை. நாடு சோவியத்தின் பிடிக்குள் போய்விட்டது. அவர் முதலில் பணியாற்றிய லுவோவ் நகரம் போலந்திலேயே இல்லை. பிரித்தானியாவுக்காகப் பறந்த ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பிப் போக ஊரில்லாமல் நின்றார்கள். ஜூரா பொஸ்கம் டவுனிலேயே விமானங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1947இல் குளொஸ்டர் நிறுவனம் அவரைச் சோதனை விமானியாக எடுத்தது. அங்கே அவருக்குக் கிடைத்தது மீட்டியர், பிரித்தானியாவின் முதல் ஜெட் போர்விமானம். 1950 ஏப்ரலில் அதன் எட்டாவது வடிவத்தை லண்டனிலிருந்து கோப்பன்ஹேகனுக்கும் திரும்பவும் ஓட்டி ஒரு சாதனை படைத்தார். சராசரி மணிக்கு 870 கிலோமீற்றர் அளவில்.

மீட்டியரில் இரண்டு எஞ்சின்கள், இரண்டு இறக்கையிலும் உடம்பிலிருந்து நல்லாய்த் தள்ளி இருந்தன. ஒன்று நின்றுபோனால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பி இழுக்கும். வேகம் போதுமானதாக இருந்தால் வால் சுக்கானால் சமாளிக்கலாம். குறைந்தால் சமாளிக்க ஏலாது. பிரித்தானிய விமானப்படை தன் சேவைக்காலத்தில் 900க்குக் கிட்டிய மீட்டியர்களை விபத்துகளில் இழந்தது. 400க்கு மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள். ஒரு எஞ்சினோடு இறங்கும் பயிற்சியே பலரைக் கொண்டுபோனது.

1951 செப்டெம்பர், பார்ன்பரோ விமானக் கண்காட்சி. ஜூரா இறக்கையின் கீழ் ராக்கெட்டுகள் தொங்க ஒரு மீட்டியரைச் செங்குத்தாக மேலே ஏற்றினார். வேகம் குறைந்து குறைந்து மணிக்கு 130 கிலோமீற்றர் அளவுக்கு வந்தது. மற்ற எவரும் அந்த நிலையில் பயந்து மூக்கைக் கீழே போட்டிருப்பார்கள். அவர் ஒரு எஞ்சினை மட்டும் இறக்கினார். மற்றது முழு வேகத்தில் தள்ள, விமானம் செங்குத்தாக நின்ற நிலையிலேயே வண்டிச் சில்லு போலச் சுழன்றது. ஒன்றரைச் சுற்று. பிறகு மற்ற எஞ்சினையும் இறக்கி, விழுகிற விமானத்தை மெல்லப் பிடித்து எடுத்தார். கீழே நின்ற விமானிகளுக்கே என்ன நடந்ததென்று விளங்கவில்லை. இருபது வருடத்தில் வந்த முதல் புதிய வான்சாகசம் என்று விமான உலகம் அதைக் கொண்டாடி, வண்டிச் சில்லு என்றே பெயரும் வைத்தது.

எல்லாரும் அதை வித்தை என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்றவர்களைக் கொன்ற அதே சமச்சீரின்மையைத்தான் அவர் பயன்படுத்தினார். எந்த வேகத்தில் எவ்வளவு இழுக்கும், எப்போது சுக்கான் செத்துப்போகும், அதற்குப் பிறகு விமானம் எங்கே விழும் என்பதெல்லாம் அவர் தொழிலாக அளந்து வைத்திருந்த விஷயங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பக்கம் போய் வர முடியும். அடுத்த வருடம் அதே பார்ன்பரோவில் ஜோன் டெரி என்ற திறமையான விமானி ஓட்டிய டி ஹவிலண்ட் விமானம் காற்றிலேயே உடைந்து, அவரும் கூட இருந்தவரும் பார்வையாளர் 29 பேரும் இறந்தார்கள். டெரி கவனக்குறைவானவர் அல்ல. அந்தக் காலத்தில் கோடுகள் எங்கே இருக்கின்றன என்பது பாதி விமானங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

1952இல் ஜூரா மனைவி அன்னாவோடும் பிள்ளைகளோடும் கனடா வந்தார். மோல்டனில் இருந்த அவ்ரோ கனடா நிறுவனத்தின் தலைமை மேம்பாட்டுச் சோதனை விமானி. மூன்றாவது நாடு. அங்கே கனடா தானே வடிவமைத்த சி.எப்-100 என்ற ஜெட் போர்விமானம் இருந்தது. தடித்த நேரான இறக்கை, வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அந்த வருடம் டிசெம்பர் 18ஆம் திகதி அதைச் செங்குத்தாய்ப் பாய விட்டு ஒலியின் வேகத்தைக் கடந்தார். நேர் இறக்கை கொண்ட ஜெட் போர்விமானம் ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1955இல் அதையே பார்ன்பரோவுக்குக் கொண்டுபோய், பாரமான அந்த இயந்திரத்தை உதிர்கிற இலை போல ஆட்டி இறக்கிக் காட்டினார். பெல்ஜியம் பிறகு 53 விமானங்கள் வாங்கியது.

இரண்டுக்கும் இடையில் 1954 ஓகஸ்ட் இருக்கிறது. விமானத்தின் வயிற்றுப் பகுதியில் பொருத்திய ராக்கெட் தொகுதியைச் சோதிக்கப் போனபோது வெடிப்பு ஏற்பட்டது. ஜூரா இருக்கையோடு வெளியே பாய்ந்து காயத்துடன் தப்பினார். பின் இருக்கையில் இருந்த அவதானிப்பாளர் தப்பவில்லை. சோதனைப் பறப்பில் பின்னால் இருந்து கருவிகளை வாசிப்பவர்களின் பெயர்களை வரலாறு பெரிதாக நினைவில் வைப்பதில்லை. அந்த அட்டைகளில் உள்ள இலக்கங்களில் பாதி அவர்களுடையவை.

இனி அரோ. அரோ என்றால் அம்பு. சி.எப்-105 என்பது அதிகாரபூர்வப் பெயர். வட துருவத்தைத் தாண்டி வரக்கூடிய சோவியத் குண்டுவீச்சு விமானங்களைத் தடுப்பதற்காகக் கனடா வடிவமைத்தது. 15 மீற்றர் இறக்கை, 23 மீற்றருக்கு மேல் நீளம், வெறுமையாகவே 22 தொன். விமானியின் கையசைவு மின் சமிக்ஞையாகப் போய்ச் சுக்கான்களை ஆட்டும் முறை அந்தக் காலத்திலேயே அதில் இருந்தது. 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி அதைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காட்டினார்கள். அதே நாளில் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறுநாள் பத்திரிகைகளில் எது முதற்பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

1958 மார்ச் 25, காலை. தொழிற்சாலை வேலையை நிறுத்திவிட்டுச் சனம் வெளியே வந்து நின்றது. ஜூரா தனியாக ஏறினார். கூடவே இரண்டு விமானங்கள் காவலுக்குப் பறந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் வுவாடிஸ்வாவ் பொட்டோட்ஸ்கி, அவரும் போலந்திலிருந்து வந்தவர். 35 நிமிடப் பறப்பு. சில்லுகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார், சுக்கான்களைத் தொட்டுப் பார்த்தார், இறங்கினார். குறை என்று எழுதியது, முன்சில்லுக் கதவின் இரண்டு சிறிய மின் ஆளிகள். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏற்கனவே சத்தமில்லாத மனிதர். அந்தப் படத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் இறக்கிவிடச் சொல்லிக் கேட்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

ஒலியை விட வேகமாகப் போகச் செய்யப்பட்ட விமானம் முதல் நாள் அப்படிப் போகவில்லை. இரண்டாவது பறப்பிலும் இல்லை. மூன்றாவதில் போனது. ஏழாவதில், 50,000 அடி உயரத்தில், இன்னும் ஏறிக்கொண்டும் வேகமெடுத்துக்கொண்டும் இருந்தபோதே மணிக்கு 1,600 கிலோமீற்றரைத் தாண்டியது. ஒவ்வொரு பறப்பிலும் முந்தியதை விடக் கொஞ்சம். அதிர்வு, வெப்பம், சுக்கான்களின் அழுத்தம் என்று எல்லாம் வானொலி மூலம் நிலத்துக்கு வந்து பதிவாகிக்கொண்டிருந்தன. ஜூன் 11ஆம் திகதி ஒரு அடி விழுந்தது. மெல்லிய இறக்கைக்குள் மடங்குவதற்காக நீண்ட சில்லுக் கால்கள் சுருங்கித் திரும்பி உள்ளே போக வேண்டும். இறங்கும்போது இடது கால் முழுதாகத் திரும்பி நேராகவில்லை. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் போய்ச் சேதமடைந்தது. ஜூராவுக்குக் காயமில்லை. காலைத் திருத்தி அமைத்துத் திரும்பவும் தொடங்கினார்கள்.

நாற்பது வயதில் சோதனைப் பறப்பை விட்டுவிடுவதாக மனைவிக்குச் சொல்லியிருந்தவர் அவர். நாலு வருடம் பிந்தி, 1958 இலையுதிர் காலத்தில், 44 வயதில் விட்டார். விமானம் இன்னும் தன் முழு வேகத்தைக் காட்டவில்லை. மார்க் 2 என்ற அடுத்த வடிவம், கனடாவே செய்த இரோகுவாய் எஞ்சின்களோடு, தொழிற்சாலைக்குள் உருவாகிக்கொண்டிருந்தது. இன்னும் சில மாதங்கள் இருந்திருந்தால் பெரிய இலக்கம் அவருடைய பெயரில் பதிவாகியிருக்கும். அவர் எழும்பி அலுவலக மேசைக்குப் போனார். நவம்பர் 11ஆம் திகதி பொட்டோட்ஸ்கி அரோவை மாக் 1.98க்குக் கொண்டுபோனார். அதாவது ஒலியின் வேகத்தைப் போல 1.98 மடங்கு. அந்த உயரத்துக் குளிரில் ஒலி மணிக்கு 1,060 கிலோமீற்றர் அளவில்தான் போகும் என்பதால், சுமார் 2,100 கிலோமீற்றர். அரோ பறந்து எட்டிய அதிகூடிய வேகம் அதுதான். அதை எட்டியவர் ஜூரா இல்லை.

1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. பிரதமர் டீபன்பேக்கரின் அரசு திட்டத்தை நிறுத்தியது. செலவு, ஏவுகணைகளின் காலம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை, வாங்க வேறு நாடு இல்லாமை. இவற்றில் எது எவ்வளவு என்று இன்றைக்கும் இங்கே சண்டை பிடிப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. அவ்ரோவிலும் அதன் எஞ்சின் நிறுவனத்திலுமாகச் சுமார் 14,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பொறியியலாளர் நாசாவுக்குப் போய், சந்திரனுக்கு ஆள் அனுப்பும் வேலையில் சேர்ந்தார்கள். பறந்த ஐந்து விமானங்களையும், பறக்கத் தயாராகிக்கொண்டிருந்த ஆறாவதையும் வெட்டிப் பழைய இரும்பாக்கினார்கள். அந்த ஆறாவதுதான் முதல் மார்க் 2. அதன் மூக்குப் பகுதி ஒட்டாவா விமான நூதனசாலையில் இருக்கிறது. ஒருக்கா போய்ப் பாருங்கள். வெட்டிய விளிம்பு தெரியும்.

மார்க் 2 இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும் என்று கணக்குகள் சொல்லின. நானும் நம்புகிறேன். ஆனால் அது பறக்கவில்லை. பறக்காத விமானத்துக்கு வேகம் எழுதுவது, ஒரு சோதனை விமானியின் வாழ்க்கை முழுவதற்கும் எதிரான வேலை. இரண்டரை மடங்கு என்று படம் அனுப்பும் அன்பர்கள் அந்த மனிதரைப் பெரிதாக்குவதாக நினைக்கினம். அவர் 0.82, 0.84 என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதியதை அழித்து அதன்மேல் எழுதுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. ஊரில் விட்டுவந்த வீட்டுக்கு இங்கே வருடத்துக்கு ஒரு அறை கூடுகிறது. வளவுக்கு இரண்டு மாமரம் கூடுகிறது. இழந்ததை அளவுக்குள் வைத்துச் சொன்னால் இழப்பும் சின்னதாகிவிடும் என்று ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. என்ர பிள்ளைகளிடம் எங்கட கிணற்றின் ஆழத்தைப் பற்றி நான் சொன்ன இலக்கத்தை இப்போது யோசித்தால் வெட்கமாயிருக்கிறது. ஒரு நாட்டை 25 வயதில் இழந்த ஜூராவுக்கு, 44 வயதில் கடைசி விமானமும் கண்ணுக்கு முன்னால் இரும்புத் துண்டாகிப் போனது. பெருப்பித்துச் சொல்ல அவரைவிடக் காரணம் உள்ள ஆள் யார்?

அவர் செய்தது வேறு. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, பரிஸ் பே என்ற சிற்றூருக்குக் கிட்ட, கமனிஸ்கெக் ஏரிக்கரையில் குடும்பத்தோடு போய்க் குடியேறினார். சுற்றுவட்டாரத்தில் 1850களின் கடைசியிலிருந்தே போலந்தின் கஷூபியப் பகுதி மக்கள் குடியிருந்தார்கள். பக்கத்து ஊரின் பெயர் வில்னோ. கரையில் விடுமுறைக் குடில்கள் கட்டி, கஷூபிய ஊரான கார்த்தூசியின் பெயரை வைத்து நடத்தினார். படகுகள் கட்டினார். கோடை விடுமுறைக்கு வந்து குடில் எடுத்துத் தங்கிய குடும்பங்களில் எத்தனை பேருக்கு, கூரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன உருவ மனிதர் யாரென்று தெரிந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 1973இல் கனடாவின் விமானப் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2003இல் பரிஸ் பேயில் அவர் பெயரில் ஒரு பூங்கா திறந்து, அரோவின் மாதிரி ஒன்றை வைத்தார்கள். 2004 பெப்ரவரி 9ஆம் திகதி, 89ஆவது வயதில், அந்த ஊரிலேயே காலமானார்.

போன வருடம் இலை நிறம் மாறும் காலத்தில், எல்லாரையும் போல நாங்களும் அல்கொன்குயின் பார்க்கப் போனோம். திரும்பும்போது நான் கிழக்குப் பக்கமாக, 60ஆம் நெடுஞ்சாலை வழியே பரிஸ் பேக்குக் காரை விட்டேன். வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல், பசி வேறு. பூங்காவில் அந்த வெள்ளை மாதிரி விமானத்தைக் கண்டதும் பேரன் கேட்டான், இது எவ்வளவு வேகம் போனது என்று. வாய்வரைக்கும் இரண்டு வந்தது. 1.98 என்றேன். இந்தத் தாத்தாவா ஓட்டினவர் என்றான். இவர் முதல் நாள் ஓட்டினவர், அந்த வேகத்துக்கு ஓட்டினது இன்னொருவர் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. போய்க் காருக்குள் ஏறிவிட்டான்.